கற்பனை நகரத்துக் கறிக்கடை: ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

பாத்திரம் ஏற்று ஆடும் கற்பனை விளையாட்டுகளின் நகரங்களில் கோட்டை உண்டு, கோயில் உண்டு, கொல்லன் உலை உண்டு, மதுக்கடை கட்டாயம் உண்டு. டிராகனை ஆராய்ந்தவர் பலர். வாளின் கூர்மை பற்றி விடிய விடிய வாதிட்டவர் அவரினும் பலர். ஆனால் டிராகனைக் கொல்லப் போகிற வீரன் காலையில் என்ன தின்றுவிட்டுக் கிளம்பினான், அதை எந்தக் கடையில் வாங்கினான், காசு கொடுத்தானா, கணக்கில் எழுதச் சொன்னானா என்னும் வினாக்களை அறிஞர் உலகம் இதுவரை தீண்டவே இல்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வு எல்லை

பெதெஸ்டா நிறுவனம் 2011 நவம்பரில் வெளியிட்ட 'ஸ்கைரிம்' விளையாட்டின் வைட்ரன் நகரம் இதன் முதன்மைக் களம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் தொடங்கிவைத்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விதிநூல்கள் துணைமைச் சான்றுகள். ஆய்வாளர் சைவமா அசைவமா என்பது ஆய்வின் நடுநிலையை எவ்வகையிலும் பாதிக்கவில்லை.

குடும்பவியல்

வைட்ரன் சந்தைச் சதுக்கத்தில் கறிக்கடை போட்டிருப்பவர் அனோரியாத். உடன்பிறந்த எல்ரிந்திர், நகரவாயிலை ஒட்டி 'குடிகார வேட்டைக்காரன்' என்ற பெயரில் வில்லும் அம்பும் விற்கிறார். ஒருவர் வேட்டைக்கு வேண்டியதை விற்க, மற்றவர் வேட்டையில் கிடைத்ததை விற்கிறார். வாடிக்கையாளர் ஊருக்குள் நுழையும்போது ஒரு சகோதரரிடமும், பசித்தபின் இன்னொருவரிடமும் காசைக் கொடுத்தாக வேண்டும். பணம் வீட்டை விட்டு வெளியே போகாத ஏற்பாடு இது. பெரிய வணிகக் குடும்பங்களே தலைமுறைகள் கடந்துதான் இந்தச் சூட்சுமத்தைக் கற்றன.

இருவரும் வன எல்ஃப் இனத்தார். தாயகமான வேலன்வுட் காட்டின் செடிகொடிகளுக்கு ஊறு செய்வதில்லை என்று 'பசுமை ஒப்பந்தம்' செய்துகொண்ட இனம் அது. ஆகவே அங்கே கறியே சோறு, கறியே குழம்பு, கறியே கூட்டு. அந்த மரபில் வந்தவருக்கு அதே சந்தையில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விற்கும் கார்லோட்டா அம்மையாரைத்தான் அண்டைக் கடைக்காரராக அமைத்திருக்கிறார்கள். இருவருக்கும் சண்டை வந்ததாகச் சான்று இல்லை. சமய நல்லிணக்க ஆய்வாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விலையியல்

1974ஆம் ஆண்டு விதிநூலில் ஓர் ஆளுக்கு ஒரு வாரச் சாப்பாடு 5 பொற்காசு. பாதாளத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் கெடாத உணவு 15 பொற்காசு. இதுவரை குழப்பமில்லை. குழப்பம் 2014ஆம் ஆண்டு விதிநூலில் தொடங்குகிறது. அதன்படி ஒரு துண்டுக் கறி 3 வெள்ளிக்காசு. ஒரு கோழி 2 செப்புக்காசு. 10 செப்பு ஒரு வெள்ளி. 10 வெள்ளி ஒரு பொன். கணக்குப் போட்டால், ஒரு துண்டுக் கறியின் விலைக்கு உயிரோடு 15 கோழி வாங்கலாம்!

வெள்ளாட்டின் விலை ஒரு பொன். அதை நான்கே துண்டாக வெட்டி விற்றால் 12 வெள்ளி; 2 வெள்ளி லாபம். நான்கு துண்டுக்கு மேல் வெட்டத் தெரிந்த எவரும் ஓராண்டில் கோட்டை வாங்கிவிடலாம். பாதாளத்தில் இறங்கி எலும்புக்கூடுகளோடு மல்லுக்கட்டுவதைவிட, ஒரு கோழியும் ஒரு கத்தியும் வைத்துப் பிழைப்பது மேல் என்று இப்பட்டியல் ஐயத்துக்கிடமின்றி நிறுவுகிறது. ஆனாலும் வீரர் எவரும் இத்தொழிலுக்கு வரவில்லை. அவர்களுக்கு வீரம் இருந்த அளவுக்கு வாய்ப்பாடு தெரியவில்லை என்பதே இதற்குப் பொருள்.

அதே மரபின் வாட்டர்டீப் நகரத்தில் கசாப்புக்காரர்களுக்கெனத் தனிச் சங்கமே உண்டு. இந்த விலையைக் கட்டிக்காப்பவர்கள் அவர்களாகவே இருக்கக்கூடும் என்பது ஆய்வாளரின் கருதுகோள்.

கொள்முதலியல்

ஸ்கைரிமில் ஆட்டுக்கறி என்றால் கால் மட்டுமே. ஈரல் இல்லை, குடல் இல்லை, தலை இல்லை. சுவரொட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. குன்று போன்ற மாமத யானையை வீழ்த்தினால் கறியாகக் கைக்கு வருவது ஒரு துண்டுத் தும்பிக்கை. ஓநாயிடமும் கரடியிடமும் தோல் உண்டு, கறி மருந்துக்கும் இல்லை. இவ்வளவு சிக்கனமான உயிரினங்கள் வேறெந்த உலகிலும் இல்லை.

இன்னும் வியப்பானது: நெருப்பு மந்திரத்தால் ஒரு மானைக் கருகக் கருகச் சுட்டு வீழ்த்தினாலும் அதனுள்ளிருந்து எடுப்பது பச்சை மான்கறியே. சம்மட்டியால் அடித்தாலும் கறி ஒழுங்கான துண்டாகவே வருகிறது. வெட்டுக்கட்டையும் கத்தியும் இல்லாத கசாப்புத் தொழில் இது. மாட்டை வெட்டும் இடமும் நகரில் இல்லை. பண்ணை மாட்டைத் தொட்டால் தலைக்கு விலை வைத்துவிடுவார்கள். ரிவர்வுட் சிற்றூரில் ஒரு கோழியைக் கொன்றால் ஊரே ஆயுதத்தோடு திரண்டு வருகிறது. எனில், கடையில் இருக்கும் மாட்டுக்கறி யாருடைய மாடு? பகல் முழுவதும் கடையிலேயே நிற்கும் அனோரியாத்திடம் இதைக் கேட்டவர் இல்லை.

திணை நோக்கில் பார்த்தாலும் தெளிவு பிறக்கவில்லை. மாமத யானையின் தும்பிக்கை குறிஞ்சியிலிருந்து வருகிறது, மாடு முல்லையிலிருந்து, வாங்குபவன் இரத்தம் காயாத கவசத்தோடு பாலையிலிருந்து வருகிறான். இதைத் திணைமயக்கம் என்று சொல்லி மேற்செல்வதே மரபு. நாமும் அவ்வாறே செல்வோம்.

வாடிக்கையாளரியல்

பச்சை மாட்டுக்கறி தின்றால் உடல்நலம் 2 புள்ளி கூடும். உப்புப் போட்டுச் சமைத்தால் 10. பெருமை கறியுடையதா உப்புடையதா என்பது தனி ஆய்வுக்குரியது. போரின் நடுவே ஆட்டத்தை நிறுத்திவைத்து முப்பது துண்டு தின்று முடிக்கலாம்; ஓங்கிய கோடரியோடு அரக்கன் மரியாதையாகக் காத்திருப்பான். ஆனால் பசி என்ற ஒன்று மூல ஆட்டத்தில் இல்லை. 2017இல் தனியாக வந்த 'சர்வைவல்' முறையில்தான் வீரனுக்கு வயிறு முளைத்தது. பச்சைக் கறியால் வயிறு கெடவும் தொடங்கியது.

பசியில்லாத ஊரில் கறிக்கடைக்கு யார் வருவார்? வீரன் வருகிறான், வாங்குவதற்கன்று, விற்பதற்கு! வழியெல்லாம் கொன்று குவித்த கறியை மூட்டையாகக் கொண்டுவந்து கடைக்காரர் தலையில் கட்டுகிறான். அனோரியாத்தின் கையில் இருக்கும் சில்லறை தீர்ந்தால் இரண்டு நாள் கழித்துத் திரும்ப வருகிறான். சில வேளைகளில் கடைக்காரர் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கண்ணெதிரே திருடிக்கொண்டும் போகிறான். ஊரிலேயே பெரிய கசாப்புக்காரன் வாடிக்கையாளன்தான் என்பது இதனால் பெறப்படும்.

மறுப்புரைக்கு மறுமொழி

கறிக்கடை என்பது காட்சிக்கு வைத்த பொம்மை என்பார் உளர். அவர்கள் மார்கார்த் நகரம் வரை ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே கறி விற்கும் ஹாக்னி ரெட்-ஆர்ம், நமீரா என்னும் இருள்தெய்வத்தின் அடியார். மனிதக் கறி தின்னும் கூட்டத்தில் ஒருவர். அவர் கடையைச் சாதாரணமாகக் கடந்து போனவர்கள், அந்தக் கூட்டத்தின் விருந்து மேசையில் அவரைப் பார்த்தபின் பழைய பில்களையெல்லாம் மனத்தில் புரட்டியிருப்பார்கள். பொம்மைக் கடையால் யாருக்கும் வயிற்றைப் புரட்டாது.

கண்டறிந்த முடிவுகள்

1. கற்பனை உலகங்களைப் படைத்தவர்கள் கொலையை நுட்பமாகக் கற்பனை செய்தார்கள். வெட்டிக் கூறு போடுவதைக் கற்பனை செய்யவில்லை.

2. கறிக்கடை லாபத்தில் ஓடவில்லை. ஊர் என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. அனோரியாத்தின் கடையை எடுத்துவிட்டால் வைட்ரன் ஒரு பாசறை.

3. உடன்பிறந்தவர் துணை இல்லாமல் இத்தொழிலில் நிலைக்க முடியாது.

ஆகவே வீரர்களுக்கு ஆய்வாளரின் விண்ணப்பம் இது: அடுத்த முறை வைட்ரன் போகும்போது உங்கள் மூட்டையை அவிழ்க்காதீர்கள். ஒரு துண்டு மான்கறியாவது காசு கொடுத்து வாங்குங்கள். வாளியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். உலகத்தைக் காப்பாற்ற ஆள் நிறைய இருக்கிறது; அனோரியாத் கடைக்கு இன்னும் முதல் போணியே ஆகவில்லை.