மீன் தொட்டி மரத்துக்கே உரியது என்பதற்கு ஒரு நிறுவல்

வரவேற்பறையில் இருக்கும் மீன் தொட்டி யாருக்கு உரியது? காசு கொடுத்தவர் தமக்கு என்கிறார். மின்கட்டணம் கட்டுபவர் சொல்வது எடுபடுவதில்லை. மீன் வாயைத் திறக்கிறதே தவிர வழக்காடுவதில்லை. ஆய்ந்து பார்த்தால் மூவருக்கும் உரிமை இல்லை. தொட்டியின் மேல் நின்று, தண்ணீருக்குள் வேரை விட்டு வளரும் மரத்துக்கே அது உரியது. மீன் அந்த மரத்துக்கு உரம் போடும் பணியாள். வீட்டுக்காரர் பணியாளுக்குச் சோறு போடுபவர். இதுவே இக்கட்டுரையின் கோட்பாடு. முதற்சான்று இலக்கணத்திலிருந்து வருகிறது. தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்கிறது. மரத்துக்குத் தனி இடம் உண்டு. மீனுக்கு இல்லை, நெய்தல் நிலத்தில்கூட அது பெரும்பாலும் உணவுக் கணக்கில்தான் வருகிறது. மரம் குடியிருக்கும், மீன் குழம்பாகும் என்பதே தமிழ் நிலத்தின் பழைய ஏற்பாடு.

இலக்கணத்தை ஏற்காதவர்க்கு வேதியியல் உண்டு. மீன் தின்ற புரதத்தின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன, அதுவும் நஞ்சே. நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட் ஆக்குகின்றன. இதன் கடுமை மிகவும் குறைவு. சாதாரண பில்டரின் வேலை இத்தோடு முடிந்தது. நைட்ரேட் எங்கும் போகாமல் தொட்டியிலேயே சேருகிறது. சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கி வருபவர் வாரந்தோறும் கால்வாசித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருப்பது இதனால்தான். உழவர் மூட்டை மூட்டையாக வாங்கிப் போடும் யூரியாவும் மண்ணில் மாறி மாறிக் கடைசியில் நைட்ரேட் ஆகித்தான் பெருமளவு பயிருக்குள் போகிறது. ஆக, ஒருவர் தீவனம் வாங்கிப் போட்டு, கூடத்திலேயே உரம் தயாரித்து, அதைப் பக்கெட் பக்கெட்டாகச் சாக்கடையில் ஊற்றுகிறார். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் பன்னிரண்டு காலன் கலத்தில் பொன்மீன்களோடு வாலிஸ்நீரியா என்னும் நீர்ப்பூண்டையும் நத்தைகளையும் வைத்து, செடி இருந்தால் மீன் தழைக்கும் என்று காட்டினார். பெரிய காரியம்தான், ஆனால் அவர் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் பரவுவதைவிடக் காற்றில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு வேகமாகப் பரவுகிறது. மூழ்கிய இலை கரிக்கு ஏங்கிக் கிடக்க, காற்றில் நிற்கும் இலையோ மேலிருந்து கரியையும் கீழிருந்து நைட்ரேட்டையும் ஒருங்கே பெறுகிறது. இரண்டு உலகத்திலும் காலூன்றிய உயிருக்கே தொட்டியின் மேல் முழு உரிமை என்பது வெளிப்படை.

நீரில் நின்றால் வேர் அழுகாதோ எனின், அழுகாது. வேரை அழிப்பது மூச்சுத்திணறல். தண்ணீர் மேல் வீண்பழி. தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வேர் சாகிறது, பிறகு அழுகுகிறது. ஏர் பம்ப் ஓடும் தொட்டியில் அந்தக் குறை இல்லை. மண்ணில் விட்ட பழைய வேர்களில் சில கழன்று போவது மெய். அவற்றின் இடத்தில் வெள்ளையாக, காற்றறைகளோடு புதிய நீர்வேர் இறங்குகிறது. அதன்மேல் பழுப்பாகப் படியும் வழுவழுப்பைச் சக்கர் மீன் மேய்கிறது, தாயே விழுங்க வரும்போது கப்பிக் குஞ்சுகள் அதற்குள் புகுந்துகொள்கின்றன. இரவில் மரம் மீனின் ஆக்சிஜனைக் குடித்துவிடுமே என்பாரும் உளர். இலை சுவாசிப்பது கூடத்துக் காற்றை. வேர் மட்டுமே தொட்டியில் பங்கு கேட்கிறது, சிறு தொகை. மின்வெட்டு நேரத்தில் மீனும் வேரும் சேர்ந்தே துன்பப்படும். உரிமையாளரும் பணியாளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதன் விளைவு அது.

இனி எந்த மரம் என்பது. மணி பிளாண்ட் என்று ஒரு குரல் உடனே எழும். நைட்ரேட்டை அது விரைந்து இழுக்கும், ஐயமில்லை. ஆனால் மரத்தில் ஏறுவது மரமாகாது. அகத்தே வயிரமுடையது மரம், புறத்தே வயிரமுடையது புல் என்பது தொல்காப்பிய மரபு. அதன்படி மூங்கிலும் தென்னையும் புல். கண்ணாடிக் குவளையில் விற்கும் ‘லக்கி பாம்பூ’ டிரசீனா இனத்தது, மூங்கிலே இல்லாததால் புல் என்ற தகுதியையும் இழக்கிறது. நீரில் நிற்கும் தகுதியில் செங்கடம்பை விஞ்சுவது அரிது. ஆனால் அதன் பட்டை மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்படுவது, எனவே தள்ளுக. சிதம்பரத்துத் தில்லையும் அலையாத்தி இனமே. அதன் பால் கண்ணைக் கெடுக்கும், கோயிலோடு நிற்கட்டும். சுரபுன்னை தாய்மரத்திலேயே முளைவிட்டு, பச்சைக் குச்சிபோல் தொங்கி, சேற்றில் விழும். கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் விரும்பும் சிவப்பு அலையாத்தி இதன் உறவுதான். சுரபுன்னை நிற்கும் பிச்சாவரம் காப்புக்காடு, அங்கே போய்ப் பறிக்கக்கூடாது. மேலும் அம்மரம் மிக மெல்ல வளர்வதால் உறிஞ்சும் நைட்ரேட்டும் சொற்பமே. எஞ்சுவது மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் வெடிப்பில் கேட்காமலே முளைத்திருக்கும் அரசங்கன்று. சுண்ணாம்பைத் தின்று வாழப் பழகியதற்கு மீன் தண்ணீர் விருந்து, சுவரும் பிழைக்கும்.

அரசு வானளாவுமே, இரண்டடித் தொட்டி தாங்குமா என்பது கடைசித் தடை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஐம்பத்தாறு லிட்டர் நீர் கொள்ளும், அதாவது ஐம்பத்தாறு கிலோ, அடிப்பாரத்துக்குக் குறைவில்லை. போன்சாய்க்காரர்கள் அரசையும் ஆலையும் கைப்பிடித் தட்டில் பல்லாண்டு அடக்கி வைக்கிறார்கள். கிளையையும் வேரையும் கத்தரித்துக்கொண்டே இருப்பதுதான் வித்தை. கத்தரிக்கும் ஒவ்வொரு கிளையோடும் தொட்டியின் கொஞ்சம் நைட்ரேட் வெளியேறுகிறது. தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மீன் கழிவில் அது போதிய அளவு இல்லை, மீனுக்குத் தீங்கற்ற திரவ உரமாகக் கொஞ்சம் விட வேண்டும். வாசகருக்கு ஒரே விண்ணப்பம்: மீன் வாங்குமுன் மரத்தை முடிவு செய்யுங்கள். மீன் எதுவானாலும் உரம் ஒன்றுதான்; பொன்மீன் போன்றவை வேரைக் கடிக்கும், அவற்றை வேலைக்கு எடுக்க வேண்டாம்.