கேட்டது நான், கையெழுத்து ஆபீஸு

(கோர்ட் வாசல் டீக்கடை. ரிட்டயரான ஏட்டையாவும் ஒரு வக்கீல் குமாஸ்தாவும்.)

ஏட்டையா: பதினேழு வயசுல ஒரு கொலை, பதினெட்டுல இன்னொண்ணு. இந்த மாதிரி ஆளுக்கு மரண தண்டனையை ரத்து பண்ண ஒரு கோர்ட்டாய்யா? அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவாவே இருக்கட்டுமே!

குமாஸ்தா: ஆளை யோக்கியன்னு யார் சொன்னா ஏட்டையா? தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தவரைப் பத்தித்தான் பேச்சு.

ஏட்டையா: ரொனால்ட் காஸ்டிலா? வியட்நாம் போர்ல காலையே கொடுத்த மனுஷன்யா!

குமாஸ்தா: அதுக்கு ஒரு சல்யூட். 1986-ல அதே ஊர்ல மாவட்ட அரசு வழக்கறிஞரா இருந்தார். இந்த ஆளுக்கு மரண தண்டனை கேக்கலாமான்னு குறிப்பு அவர் மேஜைக்கு வந்துச்சு. கேக்கலாம்னு கைப்பட எழுதினார். 28 வருஷம் கழிச்சு, மேல்முறையீட்டு பெஞ்சுலயும் அவர்தான். பென்சில்வேனியா மாநிலத் தலைமை நீதிபதி. விலகிக்கோங்கன்னு மனு போட்டாங்க, மாட்டேன்னுட்டார்.

ஏட்டையா: பெரிய ஆபீஸுய்யா. வர்ற ஃபைல்ல எல்லாம் கையெழுத்து போடறவருக்கு வழக்கு ஞாபகம் இருக்குமா?

குமாஸ்தா: அரசுத் தரப்பும் இதையேதான் சொல்லுச்சு. ஆனா 1993 தேர்தல்ல...

ஏட்டையா: நீதிபதிக்குத் தேர்தலா!

குமாஸ்தா: பென்சில்வேனியாவுல உண்டு. 45 பேரை மரண தண்டனைக்கு அனுப்பினவன்னு சொல்லித்தான் ஓட்டு கேட்டார். ஓட்டு கேக்கும்போது 'நான்'. விலகச் சொன்னா 'ஆபீஸ்'.

ஏட்டையா: நாலு பேரை விட்டுட்டேன்னா ஓட்டு கேப்பாங்க?

குமாஸ்தா: இன்னும் கேளுங்க. ரெண்டாவது கொலையில செத்துப்போனவர் சின்னப் பசங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்டார்னு அரசுத் தரப்பு ஃபைல்லயே தகவல் இருந்துச்சு. ஜூரி கண்ணுல அதைக் காட்டவே இல்லை. மறைச்சிட்டாங்கன்னு 2012-ல கீழ்க்கோர்ட் தண்டனையை நிறுத்துச்சு. மறைச்சதாச் சொன்னது யார் ஆபீஸை? இவர் ஆபீஸை. கீழ்க்கோர்ட் உத்தரவு செல்லாதுன்னு 2014 டிசம்பர்ல தீர்ப்பு சொன்னதுல இவரும் ஒருத்தர். அது பத்தாம தனியா வேற எழுதி, எதிர்த்தரப்பு வக்கீலுங்களை ஒரு பிடி பிடிச்சார்.

ஏட்டையா: பெஞ்சு மொத்தமும் அதைத்தானே சொல்லுச்சு? இவர் இல்லாட்டியும் அதே முடிவுதான்.

குமாஸ்தா: வேடிக்கையே அதானே! தேவைப்படாத ஒரு ஓட்டுக்காகத்தான் நாற்காலியை விடலை. 2016-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 3-ன்னு அந்தத் தீர்ப்பையே தள்ளிடுச்சு. ஓட்டு தேவைப்படலைன்னா தோஷம் போயிடுமா, கூட உட்கார்ந்து பேசியிருக்காரேன்னு கேட்டுச்சு. அந்த ஆளைத் தப்ப விட்டது மனித உரிமைக்காரங்க இல்லை, ஏட்டையா. உங்க காஸ்டில்தான்.

ஏட்டையா: (டீயை வெச்சுட்டு) அப்ப வெளிய வந்துட்டானா?

குமாஸ்தா: கடைசியில ஆயுள் தண்டனை. பரோல் கிடையாது.

ஏட்டையா: அப்ப அந்த 45-ல ஒண்ணு குறையுமேய்யா?

குமாஸ்தா: குறையும். யார்கிட்ட போய்த் திருத்திச் சொல்றது? 2014 தீர்ப்பு வந்த ரெண்டே வாரத்துல அவர் ரிட்டயர். இனி ஓட்டு கேக்கற வேலை இல்லை.