பெற்ற வயிறும் பதிப்பித்த கையும்

நான் ஒரு நாவலாசிரியன். இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுதுபவன் நான், பதிப்பிப்பவன் நான், கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுபவன் நான், கட்டுப் பிரிக்காமல் திரும்பி வருவதை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருபவனும் நான். வாங்கிப் படிப்பவர் மட்டும் வேறொருவராக இருக்க வேண்டும். அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் துறை தாய்–மகள் பாசம். அதிலும் பாசம் முறிந்து, கண்ணீர் பெருகி, கடைசி அத்தியாயத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஒட்டிக்கொள்ளும் ரகம். மின்வாரியக் கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவனுக்கு இந்தத் துறை எப்படி வாய்த்தது என்று கேட்பீர்கள். வீட்டிலேயே சரக்கு இருக்கிறது. பழைய விடுகதை ஒன்று உண்டே: இரண்டு அம்மா, இரண்டு மகள், ஆனால் ஆள் மூன்றே பேர், எப்படி? எங்கள் நங்கநல்லூர் ஃப்ளாட்டுக்கு வந்தால் விடை கிடைக்கும். திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமியார், அவர் மகளான என் மனைவி, பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு செல்போன் வழியாக இங்கேயே குடியிருக்கும் எங்கள் மகள். நாலாவதாக ஓர் ஆள் இருப்பதை விடுகதையும் சொல்வதில்லை, வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. பேச்சில் சேர்த்துக்கொள்ளாத ஆளுக்குக் குறிப்பெடுக்க நேரம் நிறைய.

பெண் மனதை ஆண் எழுதலாமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. அதற்குத் தமிழில் முன்னோர் காட்டிய வழி இருக்கிறது. ரங்கராஜன் மனைவி பெயரை வைத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை ஆனார். நானும் முறைப்படி மனைவியிடம் விண்ணப்பித்தேன். முதல் அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தவள், "எம்பேர்ல ரேஷன் கார்டு இருக்கு, கேஸ் கனெக்‌ஷன் இருக்கு. இதையும் எம்பேர்ல போட்டு, அதுக்கு ஏதாவது ஆயிடப் போகுது" என்றாள். சொந்தப் பெயரிலேயே எழுதி வருகிறேன்.

ஆயுசு முழுக்கக் கோப்பில் குறிப்பு எழுதிய கை, லேசில் வழக்கத்தை விடுமா? என் கதாநாயகி பிறந்த வீட்டை விட்டுப் புறப்படும்போது தாயிடம் இப்படிப் பேசினாள்: "அம்மா, தாங்கள் என்மீது வைத்துள்ள பாசத்தை நன்கு அறிவேன். இருப்பினும், தற்போதைய சூழ்நிலையில் இவ்வீட்டிலிருந்து வெளியேறுவது தவிர்க்க இயலாததாகிறது." தீபாவளிக்கு வந்த மகள் இதைப் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்தாள்: "நகல்: அப்பா, தகவலுக்காக."

கள ஆய்வில் நான் குறை வைப்பதில்லை. ராத்திரி எட்டரைக்கு மகள் கூப்பிடுவாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

"சாப்பாடு."

"தலைக்கு எண்ணெய் வெச்சியா?"

"அம்மா, ஆரம்பிக்காத."

"சரி, நான் ஒண்ணும் கேக்கல."

"கேக்காத."

போன் கட்டாகிவிட்டது. நான் அறைக்குள் ஓடி, தாய்க்கும் மகளுக்கும் இடையே பாதாளம் பிளந்ததை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் மனைவி தன் அம்மாவிடம் சொல்கிறாள்: "இன்னிக்கு நல்லா பேசினாம்மா. மனசுல ஒண்ணும் இல்ல." மாமியார், "ஆமாட்டி, குரலே தெளிச்சியா இருக்கு" என்கிறார். எந்தக் குரல்? எனக்குக் கேட்டது ஒரு 'ம்'.

எழுதுவதாவது காகிதச் செலவோடு போகும். அச்சுக்குக் கொடுப்பது அப்படியல்ல. 16 பக்கம் ஒரு ஃபாரம். என் நாவல் 16 ஃபாரம், 256 பக்கம். அச்சகக்காரர் கேட்ட கேள்விகளைப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை. டெமியா, கிரவுனா? மேப்லித்தோ அறுபது ஜிஎஸ்எம்மா, எழுபதா? அட்டைக்கு மேட் லேமினேஷனா, கிளாஸா? "இப்பல்லாம் பி.ஓ.டி. சார், தேவைக்கு அம்பது அம்பதா அடிச்சுக்கலாம்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். வாசகர் திரளை ஐம்பது ஐம்பதாக எண்ணுவது ஓர் எழுத்தாளனுக்கு அழகா? 500 என்றேன். அதில் பெரும்பகுதி இன்று மாமியாரின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவருக்கு மூட்டுவலி, கட்டில் கொஞ்சம் உயரமாயிருந்தால் எழுந்திருக்கச் சுகம் என்று நாலு காலுக்கும் நாலு கட்டுகளை என் மனைவி வைத்துவிட்டாள். என் எழுத்து யாரையும் உயர்த்தவில்லை என்று இனி எந்த விமரிசகரும் சொல்ல முடியாது.

அட்டைக்கு ஓவியர் அனுப்பிய படத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாயும் மகளும் கோதுமை வயலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நங்கநல்லூரில் கோதுமை ஏது என்று கேட்டேன். "ஃபீலைப் பாருங்க சார்" என்றவர், என் மனக்குறையைப் போக்க இருவர் நெற்றியிலும் பொட்டு வைத்துக் கொடுத்தார். அணிந்துரை தந்த பேராசிரியர், இந்நாவலில் நதியும் ஒரு பாத்திரமாகப் பாய்கிறது என்று பாராட்டியிருந்தார். கதை முழுக்க மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் நடக்கிறது. அதில் வரும் ஒரே நீர்நிலை தண்ணீர் லாரி.

பணம் திரட்டுவதில் உ.வே.சா. காட்டிய வழியைப் பின்பற்றினேன். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட அவர் முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கினார். நான் என் மைத்துனரிடம் வாங்கினேன். கையெழுத்து மணிமணியாக இருந்தது. பணம்தான் இன்னும் வரவில்லை.

ஆனால் அரசாங்கம் என்னைக் கைவிடவில்லை. பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணைக் காசு வாங்காமலே கொடுத்தது. அதைவிடப் பெரிது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டில்லி ஆகிய நாலு நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் தலா ஒரு பிரதி அனுப்பியாக வேண்டும். நாலு பெருநகரங்களில் என் புத்தகம் இருக்கிறது என்று உறவினர்களிடம் நான் சொல்லும்போது அது சட்டப்படி உண்மை. கன்னிமாரா 1896-ல் திறந்த நூலகம். அத்தனை காலத்துப் புத்தகங்களோடு என்னுடையதும் ஓர் அலமாரியில் நிற்கும். நிற்பதில் அதற்குக் கட்டிலடியிலேயே பயிற்சி இருக்கிறது.

வெளியீட்டு விழாவில் பேச்சாளர்கள் மூவரும் தத்தம் புத்தகங்களைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். போண்டா தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. முதல் பிரதியைப் பெற்றுக்கொண்ட மாமியாரிடம் மைக்கை நீட்டினோம். "எங்க மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது" என்று தொடங்கியவர், கையிலிருந்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "இது ஒண்ணுதான்" என்று முடித்தார். அன்றைக்கு விழுந்த ஒரே கைதட்டல் அதற்குத்தான்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் தொடங்கியது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் அத்தனை அரங்குகள் இருந்தும், ஒற்றை நாவல் வைத்திருப்பவனுக்குத் தனிக்கடை கட்டுப்படியாகுமா? தெரிந்த பதிப்பாளரின் கடையில், விற்றால் நாற்பது சதவீதம் கழிவு என்ற பேச்சில் பத்துப் பிரதி வைத்தேன். நாவலின் பெயர் 'பெற்ற வயிறு'. மறுநாள் போய்ப் பார்த்தால், கடைப் பையன் அதைச் சிறுதானிய உணவுக்கும் மலச்சிக்கல் தீரும் மார்க்கத்துக்கும் நடுவே அடுக்கியிருந்தான். கோபித்துக்கொள்ள வாயெடுத்தேன், அதற்குள் ஒருவர் அதைக் கையில் எடுத்துவிட்டார். "வாயுவுக்கு இதுல இருக்குங்களா?" என்று கேட்டார். மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது என்றேன். பொய்யில்லை, கதாநாயகியின் அப்பாவுக்கு அந்தத் தொந்தரவு உண்டு. வாங்கிக்கொண்டு போனார். புத்தகத்தை அங்கேயே இருக்கவிட்டேன்.

மின்னூலிலும் கால் வைத்தாயிற்று. கிண்டில் அன்லிமிடெட்டில் வாசகர் படிக்கும் பக்கத்துக்கு இத்தனை பைசா என்று எழுத்தாளனுக்கு வரும். எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று தினமும் கோடு போட்டுக் காட்டுவார்கள். ஒரு ஞாயிறன்று கோடு விறுவிறுவென்று ஏறியது. குதூகலத்தில் மகளுக்குப் போன் போட்டேன். "நான்தான்ப்பா. சும்மா தள்ளிக்கிட்டே போனேன்" என்றாள். இன்னொரு தடவை தள்ளேன் என்றேன். ஒருவர் முதல் முறை படிப்பதற்குத்தான் கணக்காம். என் பரம்பரையில் இனி வேறு சந்தாதாரர் இல்லை.

அப்போதெல்லாம் ஜெயகாந்தனை நினைத்துப் பெருமூச்சு விடுவேன். 1966-ல் 'அக்கினிப் பிரவேசம்' விகடனில் வந்தது. கெட்டுப்போய் வந்தேன் என்று நின்ற மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் சொல்கிறாள். தாயாவது இப்படிச் சொல்வதாவது என்று வாசகர்கள் கொதித்தார்கள். அதே தாய் அப்படிச் சொல்லாமல் ஊரறியக் கூப்பாடு போட்டிருந்தால் என்ன ஆகும் என்று அவர் எழுதிப் பார்த்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தாய் சொல்லும் ஒரு வாக்கியத்தில் மகளின் ஆயுசே திசை திரும்பும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று மனைவியிடம் உருகினேன். "அவரு எழுதினதுக்கு நாலு பேர் சண்டைக்கு வந்தாங்க. உங்களைத் திட்டக்கூட ஒருத்தர் வரலியே" என்றாள்.

சொந்தமாகப் பதிப்பித்தவர்களில் எனக்குக் குலதெய்வம் வை.மு.கோதைநாயகி. திருவல்லிக்கேணிக்காரர். எழுதப் பழகாத காலத்தில் அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். அதுதான் முதல் படைப்பான 'இந்திர மோகனா'. 1925-லிருந்து 'ஜகன்மோகினி'யைத் தாமே நடத்தி, அதில் தம் கதைகளை வெளியிட்டு, 115 நாவல்கள் எழுதினார். கணவர் பார்த்தசாரதி பக்கபலமாக நின்றார். எழுத்துக்கு வாழ்க்கைத் துணை எவ்வளவு முக்கியம் என்று இதை வீட்டில் எடுத்துச் சொன்னேன். "அந்தம்மா சொன்னா, இன்னொருத்தங்க எழுதினாங்க. அதைக் கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி. அது எங்கே போய் முடியும் என்று அப்போது தெரியவில்லை.

சென்ற ஆடியில் வீட்டில் பெரிய சண்டை. மாமியார் தம் வெள்ளிக் குத்துவிளக்கை இளைய மகளுக்குக் கொடுத்துவிட்டார். "நான்தானே பாத்துக்கிறேன், எனக்குக் கேக்கணும்னுகூடத் தோணலியா?" என்றாள் மனைவி. "நீ எப்பட்டி விளக்கு ஏத்தின?" என்றார் மாமியார். இரண்டு பொழுது பேச்சில்லை. எனக்கு நாவலே கிடைத்துவிட்டது. கடைசிக் கட்ட ஆஸ்பத்திரி எது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் மாமியார் கூடத்தில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மனைவி வந்தாள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து மாமியார், "பழுப்பைச் சேக்காதட்டி" என்றார். "சேக்கல" என்றாள் இவள். நான் நோட்டும் பேனாவுமாக அடுத்த வசனத்துக்குக் காத்து நின்றேன். "மாப்ளே, நிக்கிற நேரத்துக்கு இந்தக் காம்பை எடுத்துக் குப்பையில போடுங்க" என்றார் மாமியார். சண்டை முடிந்துவிட்டது என்பதைக் குப்பைக்கூடை அருகே நின்றுதான் புரிந்துகொண்டேன்.

பிறகொரு மதியம், மின்சாரம் போய் டிவி அணைந்த வேளையில், மாமியார் கட்டில்காலடியிலிருந்து ஒரு பிரதியை உருவி என் மனைவிக்குப் படித்துக்காட்டத் தொடங்கினார். மாடி வீட்டு அம்மாவும் விசிறியோடு வந்து உட்கார்ந்தார். கதாநாயகி வீட்டை விட்டுப் போகும் கட்டம். என் வாக்கியங்களை மாமியார் மூக்குக்கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார். பக்கம் பக்கமாகத் தள்ளினார். பிறகு தாமே சொன்னார்:

"'போறேன்'னா மக. 'போ'ன்னா ஆத்தா. அவ படியிறங்கினதும், 'சாவி எடுத்துக்கிட்டியா'ன்னா. அம்புட்டுத்தான். இதுக்கு எதுக்கு மாப்ளே பதினோரு பக்கம்?"

மாடி வீட்டு அம்மா மூக்கை உறிஞ்சினார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் பதினோரு பக்கத்துக்கு வராத கண்ணீர் அது. "மிச்சத்தையும் சொல்லுங்கம்மா" என்றார் மாடி வீட்டு அம்மா. மின்சாரம் வந்த பிறகும் யாரும் டிவியைப் போடவில்லை.

இரண்டாம் பதிப்புக்கு வேலை நடக்கிறது. மாமியார் சொல்கிறார், நான் எழுதுகிறேன். ஐம்பது பிரதி அடித்தால் போதும் என்பது அவர் முடிவு. மாடி வீட்டு அம்மாவே ஐந்து பிரதிக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி கிடையாது, சாப்பாட்டு நேரத்தில் யாரும் அழக் கூடாது, அப்பா பாத்திரத்துக்கு வாயுத் தொந்தரவு மட்டும் இருக்கலாம் என்று நிபந்தனைகள். அட்டையில் அவர் பெயர். உள்ளே நாலாம் பக்கத்தில், அச்சகத்தின் விலாசத்துக்குக் கீழே, 'எழுத்துதவி' என்று என் பெயர். என் பெயரை எந்த அளவு எழுத்தில் போடுவது என்று அச்சகக்காரர் கேட்டார். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"படிக்கிற அளவுக்கு வேண்டாம்" என்றாள்.