மயிலாப்பூர்ப் பேட்டிகளில் வினாவும் விடையும் சுருதி மாறும் விதம்: ஒரு முன்னாய்வு

கேள்வி கேட்பதற்குத் தமிழ் இலக்கணம் தாராளமாகவே வசதி செய்து தந்திருக்கிறது. சொல்லின் கடைசியில் ஓர் ஆகாரம். போதாதென்றால் யார், என்ன, எப்போது. ஆயினும் மார்கழியில் சபா வாசல்களில் மைக்கோடு நிற்கும் பேட்டியாளர்கள் இவற்றில் எதையும் தொடுவதில்லை.

சான்று: "சின்ன வயசுலயே பாட்டிகிட்ட கத்துக்க ஆரம்பிச்சு, பன்னெண்டு வயசுல மேடையேறி, இன்னிக்கு இவ்ளோ பெரிய இடத்துல இருக்கீங்க. அந்த அனுபவம்..." அவ்வளவுதான் கேள்வி. கடைசித் துண்டில் வினைமுற்று இல்லை, வினா எழுத்து இல்லை. கடைசி மகரம் மட்டும் தம்பூரா போல ஒலித்துக்கொண்டிருக்கிறது. பாடகியின் பதில்: "ஆமா... பாட்டிதானே முதல் குரு, இல்லையா? அப்பல்லாம் கேட்டுக் கேட்டுத்தானே பாடம்?" குரல் மேல் ஸ்தாயியில் முடிகிறது. ஆக, கேட்பவர் தகவல் சொல்கிறார். சொல்பவர் கேள்வி கேட்கிறார்.

காரணம் பவணந்தி முனிவரிடம் இருக்கிறது. அவரது இலக்கண நூலான நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது, விடையை எட்டாக. வினாக்களில் அறிவினா என்பது விடை தெரிந்தவர் கேட்பது; வாத்தியார் மாணவனைக் கேட்பது போல. பேட்டியாளர் விக்கிப்பீடியா படித்துவிட்டு வருவதால் அவரிடம் இந்த ஒரு வகைதான் கையிருப்பு. விடை தெரிந்தவர் குரல் ஏறுவானேன்?

முன்பு இப்படி இல்லை. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல் வந்தது, சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று. அந்தக் கால அறிவிப்பாளர் "தங்கள் இசைப் பயணம் எங்கே தொடங்கியது?" என்று முழு வாக்கியமாகக் கேட்பார். வித்வானும் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுத்துத் தமிழில் தொடங்குவார். இரண்டாம் வாக்கியத்தில் கும்பகோணத்துப் பேச்சு வந்துவிடும். (இன்றைய அடையாறு பாட்காஸ்ட்களில் இருவருமே கிணற்றடிக் குரலில் பேசுவதால் அவை இவ்வாய்வில் சேரா.)

அறிவினாவுக்கு அயல்நாட்டு மதிப்பும் உண்டு. 1962இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று கடைகளில் 264 ஊழியர்களை, நான்காம் மாடியில் இருப்பதாகத் தமக்கே தெரிந்த பொருள் எங்கே என்று கேட்டார். அந்த மாடியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் ரகரம் யார் வாயில் நிற்கிறது என்று பார்ப்பதே நோக்கம். காது கேளாதவர் போல இன்னொரு முறையும் சொல்ல வைத்தார். உயர்தரக் கடையில் ரகரம் அதிகம், மலிவுக் கடையில் குறைவு.

இதைத் தியாகராய நகரில் செய்ய விரும்புவோர்க்கு ரகரம் பயன்படாது, ழகரம் வேண்டும். ஏழாவது மாடி உள்ள ஜவுளிக்கடை தேவை. அங்கும் சிக்கல். பட்டு எங்கே என்றால் ஊழியர் லிஃப்டை நோக்கி விரல் நீட்டுவார். நன்னூல் கணக்கில் இது சுட்டு விடை. ஒலியியல் கணக்கில் பூஜ்யம். மறுபடி கேட்டால் "லிஃப்ட்ல மேல போங்கண்ணா" என்பார். ழகரம் கடைசிவரை சிக்காது.

சபாவுக்கே திரும்புவோம். வெளியே வரும் ரசிகரிடம் "எந்தக் கச்சேரி பிடிச்சுது?" என்றால், "கேன்டீன்ல கீரை வடை பிரமாதம்" என்கிறார். இது இனமொழி விடை; கேட்டதை விட்டு அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது. எட்டு விடைகளில் எட்டாவது என்றாலும் மார்கழியில் முதலிடம் இதற்கே.

முக்கியக் கண்டுபிடிப்பு மைக் அணைந்த பிறகு கிடைக்கிறது. பேட்டியாளர் வயரைச் சுருட்டியபடி, "மாமி, நாளைக்கு ஒரு பாஸ் கிடைக்குமா?" என்கிறார். இது கொளல் வினா; ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்பது. ஆகாரம் உண்டு, குரல் ஏற்றம் உண்டு, முகத்தில் ஆர்வமும் உண்டு. மாமியின் "பார்க்கலாம்" சுருதி இறங்கி, தெளிவாக முடிகிறது. இந்த விடை எட்டில் எதிலும் அடங்கவில்லை, ஒன்பதாவதாகச் சேர்க்கலாம்.

பேட்டியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் மார்கழியிலாவது, வித்வானிடம் உங்களுக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கேளுங்கள். பாஸ் பற்றியது கணக்கில் வராது.