புத்தர் வீட்டு வாசலில் மாமூல்

கேள்வி: கீழை மதங்களைப் புரிந்துகொள்ள எந்தத் தத்துவ நூலில் தொடங்கலாம்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தத்துவம் கிடக்கட்டும். 16-ஆம் நூற்றாண்டுச் சீன நாவல் 'மேற்குப் பயணம்' கிடைக்கிறதா பாருங்கள். ஒரு குரங்கு, ஒரு பன்றி சகிதம் துறவி ஒருவர் புனித ஏடுகள் வாங்கப் புத்தரிடம் போகிறார். வழியெல்லாம் அசுரர்களிடம் படாதபாடு. போய்ச் சேர்ந்தால், ஏடு எடுத்துத் தரவேண்டிய புத்தரின் சீடர்கள் ஆனந்தரும் காசியபரும் நமக்கென்ன உண்டு என்று தலையைச் சொறிகிறார்கள்! துறவி கோஷ்டியிடம் ஒன்றும் பெயரவில்லை. கட்டித் தந்த மூட்டையைப் பிரித்தால் அத்தனையும் வெற்றுத்தாள்.

குரங்கு கொதித்துப்போய்ப் புகார் செய்ய, புத்தர் சிரிக்கிறார். வேதத்தைச் சும்மா கொடுத்தால் கட்டுப்படியாகாதாம். தவிர, எழுத்தில்லாத ஏடுதான் அசலாம்; உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது புரியாது என்கிறார். கடைசியில் துறவிக்குச் சீன மன்னர் தந்த திருவோட்டைக் கொடுத்துத்தான் எழுத்துள்ள ஏடுகளை வாங்க முடிகிறது. தன் குருவையே இப்படிக் கலாய்க்க இடம் கொடுக்கும் மதத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை.

இந்தக் கதைக்கு மூலமான நிஜத் துறவி யுவான் சுவாங் 645-இல் இந்தியாவிலிருந்து 657 நூல்களோடு ஊர் திரும்பினார். அவை வெற்றுத்தாளாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார். மீதி ஆயுள் மொழிபெயர்ப்பிலேயே போயிற்று.