ராஜா பெயரா, உழவர் பெயரா?

கேள்வி: பேரனுக்கு ஜார்ஜ் என்று பெயர் வைத்திருக்கிறோம். “இங்கிலாந்து ராஜா பெயர்” என்கிறான் மகன். உண்மையான அர்த்தம் என்ன?
– ஒரு தாத்தா, நாகர்கோவில்

பதில்: ராஜா வீட்டுக்குப் போனது பிற்பாடு, ஐயா. அந்தப் பெயர் பிறந்தது வயலில்! கிரேக்கத்தில் ‘கே’ என்றால் மண்; ‘எர்கோன்’ என்றால் வேலை. மண்ணில் வேலை செய்கிறவர் ‘கெயோர்கோஸ்’, அதாவது நம்ம ஊர் உழவர். பேரன் பள்ளியில் படிக்கப்போகும் ஜியாகிராபியில் அந்த மண்ணும், எனர்ஜியில் அந்த வேலையும் இருக்கின்றன.

பெயரை உலகமெங்கும் கொண்டுபோனவர் புனித ஜார்ஜ். ஸ்பெயினில் ஹோர்ஹே, ரஷ்யாவில் யூரி. முதன்முதலில் விண்வெளிக்குப் போன யூரி ககாரினும் பெயரளவில் உழவர்தான்! உங்களுக்குப் பக்கத்திலேயே, கேரளத்தில், சிரியாக் மொழி வழியாக வந்து வர்கீஸ் ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் 1714 முதல் 1952 வரை ஆறு ஜார்ஜ்கள் ஆண்டார்கள். பெயருக்குப் பொருத்தமாக நடந்தவர் மூன்றாம் ஜார்ஜ். விவசாயத்தில் அவ்வளவு பிரியம்; ‘ரால்ஃப் ராபின்சன்’ என்ற புனைபெயரில் வேளாண் இதழுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மக்கள் அவரை ‘விவசாயி ஜார்ஜ்’ என்றே அழைத்தார்கள். ஆறு பேரில் எனக்குப் பிடித்த பட்டம் அதுதான்.

நம் தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டையும் புனித ஜார்ஜ் பெயரில்தான் இருக்கிறது. சென்னை வரும்போது பேரனுக்குக் காட்டுங்கள்.