பிட்டும் ஜிபிடியும்

பிட்டுக்கும் ஜிபிடிக்கும் என்ன வித்தியாசம்?

தேர்வில் காப்பியடிக்கப் பிட் எழுதவாவது புத்தகத்தை ஒரு முறை திறக்க வேண்டியிருந்தது. 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வெளியானதும் அந்தச் சிரமமும் தீர்ந்தது.

அது பொய் சொல்லுமா?

பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டுமே! அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணிப்பதுதான் அதன் வேலை. அது கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டிய நியூயார்க் வழக்கறிஞர்கள், 2023-இல் 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள்.

கட்டுரை மாணவர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று காட்டும் மென்பொருள் இருக்கிறதாமே?

இருக்கிறது, நம்பிக்கைதான் இல்லை. சாட்ஜிபிடியைப் பெற்ற ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதாதென்று தன் கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் மூடிவிட்டது. தாய் அறியாத சூல் உண்டா என்பார்கள், இங்கே உண்டு. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர் சொந்தமாக எழுதியதையும் இத்தகைய கருவிகள் இயந்திரக் கணக்கில் சேர்ப்பதுண்டு.

பேராசிரியரே வினாத்தாளை அதில் தயாரித்தால்?

இயந்திரம் கேட்க, இயந்திரம் எழுத, இயந்திரம் திருத்த... லாபம் மின்வாரியத்துக்கு மட்டும்.

பிறகு வகுப்பில் அதற்கு என்னதான் இடம்?

முதல் பெஞ்சு அல்ல, கூண்டு. அது தரும் கட்டுரையை மாணவர்கள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்: மேற்கோள் காட்டிய நூல் நூலகத்தில் இருக்கிறதா, ஆண்டு சரியா, எந்தத் தரப்பு விடுபட்டது? சிவப்பு மை மாணவர் கைக்கு மாறும்போது படிப்பு தொடங்குகிறது.

ஆசிரியருக்கு வேலை போய்விடுமா?

விடை மலிந்துவிட்டது, கேள்விக்குத்தான் இப்போது கிராக்கி. கேட்கத் தெரிந்தவருக்குக் கவலையில்லை.